புத்தூர்க் கட்டு

இரண்டு முனையிலும் மொட்டை அடிக்கும் ஊர்கள்.
நடுவில் என் பேருந்து.
திருத்தணியில் ஏறும் சந்தனத் தலைகள்
திருப்பதியில் ஏறும் சந்தனத் தலைகள்
கைப்பிடிக் கம்பியெல்லாம் அதே வாசம்.

எனக்கு முதலில் ஒரு ரூபாய் அளவில் போனது,
இடது காதுக்கு மேலே.
பிறகு ஐந்து. பிறகு பத்து.
சில்லறை எண்ணியே பழகிய கை
குளிக்கும்போது அதையும் எண்ணியது.
புழுவெட்டு என்றார்கள்.
சின்ன வெங்காயம் தேய்த்தேன்,
தேய்த்த இடத்தில் கொப்புளம்.
சித்திரை முடிவதற்குள் புருவத்திலும் பாதி இல்லை.

கொண்டை இருந்தவரை பேனா அதில்தான் நிற்கும்.
மீதிப் பாக்கியை டிக்கெட் முதுகில் எழுதிக்
கொடுத்துவிட்டுப் பார்க்காமலே செருகுவேன்.
அது போன முதல் வாரம்
கை தானாகப் பின்னால் போய்
காற்றில் செருகியதில்
நான்கு பேனா தொலைந்தது.
ஒன்று ஜன்னல் வழியே நகரிப் பாலத்துக்குக் கீழே.

“தலநீலாலா அம்மா?”
கும்பிடாத குறையாகக் கேட்டாள்
மூன்றாம் சீட்டுக்காரி.
அவுனு என்றேன்.
என்ன வேண்டுதல் என்றாள்.
பையனுக்கு வேலை என்றேன்.
எனக்குப் பையன் இல்லை.
இரண்டு மாதம் கழித்து அதே சீட்டில் அதே பெண்:
“இன்னுமா முளைக்கலை?”
சாமிக்குக் கொடுத்தது திரும்பி வரும்.
தானாகப் போனதற்கு யாரிடம் தேதி கேட்பது?

சீட்டுப் பணம் எடுத்து விக் வாங்கினேன்.
அசல் முடி என்று அடித்துச் சொன்னான்.
மே மாதம், எழுபது பேர், இன்ஜின் சூடு.
யாரோ ஒருத்தியின் வேண்டுதல்
என் தலையில் உட்கார்ந்து வேர்த்தது.
அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்ததா என்று
வடமாலப்பேட்டை வரை யோசித்துக்கொண்டே வந்து
ஒரு குடும்பத்துக்கே டிக்கெட் போட மறந்தேன்.

ஏகாம்பரகுப்பத்தில் ரவிக்கை தைக்கும் ஷம்ஷாத்
“கழற்றுடி அதை, பார்க்கிற எனக்கே அரிக்குது” என்றாள்.
தறியில் மிஞ்சிய துண்டு, மயில்கழுத்து நிறம்.
நெற்றியில் இழுத்துப் பிடரியில் முறுக்கி
முன்னால் கொண்டுவந்து
பக்கவாட்டில் விசிறிபோல் ஒரு மடிப்பு.
கண்ணாடியைப் பார் என்றாள். பார்க்கவில்லை.
“காசைக் கொடுத்துட்டாவது பாரு.”
முப்பத்தைந்து ரூபாய். பார்த்தேன்.

எனக்கு இத்தனை நீளக் கழுத்தா.
நாற்பது வருஷம்
பின்னலுக்குப் பின்னால் ஒளிந்திருந்திருக்கிறது.
பழைய தோடுகூட
நேற்று வாங்கியது மாதிரி இருந்தது.
ஷம்ஷாத் வாயில் குண்டூசிகளோடு சிரித்தாள்,
ஒன்றுகூட விழவில்லை.

டிப்போ மேலாளர் சீருடை விதியைப் புரட்டினார்.
தொப்பி இருந்தது, தலைப்பாகை இல்லை.
காக்கியில் கட்டி வா என்றார்.
காக்கியில் கட்டினேன்,
விசிறி மட்டும் மயில்கழுத்து.
பார்த்தார். பாக்கு மென்றார். டியூட்டி எழுதினார்.

முதல் நடையிலேயே பின் சீட்டிலிருந்து ஒரு குரல்:
“என்ன கண்டக்டரம்மா,
தலையிலே புத்தூர்க் கட்டா?”
வண்டியே சிரித்தது.
மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு
புத்தூருக்கே போய்க்கொண்டிருந்த ஆள்தான் கேட்டது.
சிரித்ததில் தோள் வலித்து
அவரே முதலில் நிறுத்தினார்.
நானும் சிரித்தேன். ஆமாங்க என்றேன்.
இந்த முறை அது பொய்யா என்று
எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அவருக்குப் பதினேழு ரூபாய் பாக்கி.
டிக்கெட் முதுகில் எழுதிக் கொடுத்தேன்.
கை தானாகப் பின்னால் போனது.
முறுக்கிய மடிப்பில்
பேனா நின்றது.

கட்டுக்காரரே, பார்த்து இறங்குங்க.
புத்தூர், புத்தூர்,
திகண்டி, திகண்டி.